இன்னும் ஒண்ணு பாக்கி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. விடிந்ததிலிருந்து காற்று மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாடிக்கொடிகளில் கிடந்த துணிகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. தெருவிலிருந்த காகிதங்கள் ஒரு வாசலை விட்டு இன்னொரு வாசலுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தன. அன்று காலை ஏழே காலுக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள ஏற்றத்தில், லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தியின் இருபத்துநான்கு வயது ஸ்டேஷன் வேகன் பாதி மேட்டில் இருமத் தொடங்கியது.

அந்த மேட்டில் அது ஒருநாளும் இருமியதில்லை. மேடு என்றாலே அந்த வண்டிக்குக் கொண்டாட்டம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ என்னும் சிறிய விசிறி சுழன்றெழும்போது மெல்லிய சீழ்க்கையொலி கேட்கும். ஸ்டியரிங்குக்கு மேலே அவள் தன் கையால் பொருத்தியிருந்த, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான கேஜில், முள் ‘ஒன்று’ என்னும் எண்ணைத் தொடும். யாரோ பின்னாலிருந்து இரு கைகளாலும் தள்ளிவிடுவதுபோல் வண்டி மேலேறும். அன்றைக்கோ முள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நடுங்கியது, இறங்கியது. பின்னால் வந்த பள்ளிப் பேருந்து பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. அவள் வண்டியை ஓரங்கட்டி, போனட்டைத் திறந்து, பறந்த தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தெரிந்தவர்கள் அவளை ‘இன்னொண்ணு’ என்பார்கள். “வேலை முடிஞ்சுதா?” என்று யார் கேட்டாலும், “முடிஞ்ச மாதிரிதான், இன்னும் ஒண்ணு பாக்கி” என்பதே அவளுடைய பதில். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் கணவர் என்று தம்பியும், தம்பி என்று கணவரும் இன்றுவரை ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினொன்றாம் வயதில் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மீண்டும் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. கடிகாரம் சரியாகவே ஓடிற்று, வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். அவள் மட்டும் அன்று சாப்பாட்டைத் தொடாமல் அந்தத் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் வயதில் லிஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கே பெண்கள் அளவில் சீருடை கிடையாது. கொடுத்த காற்சட்டையின் நீளத்தைக் குறைத்துத் தைக்க ஒரு தையற்கடைக்குப் போனாள். கணவர் கிடைத்தது அந்தக் கடையில்தான்.

அவர் திரைச்சீலை தைப்பவர். ஒரு தையல் போட்டால் போட்டதுதான். அவர் பிரித்துத் தைத்ததை யாரும் பார்த்ததில்லை. அவளோ, ஒருமுறை பூட்டியதை இன்னொரு முறை கழற்றாமல் விட்டதில்லை. இப்படிப்பட்ட இருவர் இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் எப்படிக் காலந்தள்ளினார்கள் என்று உறவினர்கள் வியப்பதுண்டு. அவர் அதிகம் பேசமாட்டார், அவள் அதிகம் உட்காரமாட்டாள். சண்டைக்கு வேண்டிய இரண்டும் ஒரே அறையில் சேர்ந்ததே இல்லை.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர், ஆளுயரக் கண்ணாடிகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோவதற்கென்றே பின்பக்கம் நீண்ட அந்த வண்டியை வாங்கினார். அவர் காலமானபோது அவள் வேலை நிமித்தம் வேறோர் ஊரில் இருந்தாள். ஆகவே ஆவணங்கள் தம்பியின் பெயரில் எழுதப்பட்டன. ஓட்டியதும் பராமரித்ததும் அவள். ஆறாண்டுகளுக்கு முன்பு, தேய்ந்த பிரேக்கை மாற்றப் போனவள், அதைவிடப் பெரிய பிரேக்கைப் போட்டுவிட்டு வந்தாள். வந்தது வினை. பிரேக் நன்றாக இருந்ததால் ஸ்பிரிங் மோசமாகத் தெரிந்தது. ஸ்பிரிங்கை மாற்றியதும் இருக்கைகள் ஆடுவது தெரிந்தது. இருக்கைகள் வேறு வண்டியிலிருந்து வந்தன. கணவர் அவற்றுக்குக் கரும்பச்சைத் துணியில் உறை தைத்தார். இவ்வளவு நல்ல வண்டிக்கு இவ்வளவுதானா வேகம் என்று அடுத்து ஒரு குறை. பெரிய டர்போ வந்தது. அது காற்றைக் கூடுதலாகச் சூடேற்றவே, அந்தச் சூட்டை ஆற்றுவதற்கு, பார்வைக்கு ரேடியேட்டரைப் போலிருக்கும் இன்டர்கூலர் முன்பக்கம் வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோக அதுவரை தற்காலிகமாக மாட்டியிருந்த ரப்பர்க் குழாய்க்குப் பதில் ஓர் அலுமினியக் குழாய் வேண்டியிருந்தது. டயர்க்கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் வெல்டர், அதை மூன்று துண்டுகளாக வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். அந்தக் குழாயைத்தான் அவள் முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக்குப் பின்னாலுள்ள ஷெட்டில் பூட்டினாள்.

பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் போன் வந்தது. ஒரு கையில் போனும் மறு கையில் ஸ்பேனருமாக அவள் பேசினாள்.

“அக்கா, இருபத்தேழாம் தேதி வண்டிக்கு தகுதிச் சோதனை. ஞாபகம் இருக்கா?”

“இருக்குடா. இன்னும் ஒண்ணு பாக்கி, அவ்வளவுதான்.”

“ஆறு வருஷமா அந்த ஒண்ணு பாக்கியாவே இருக்கு. இப்பக் கேளு. அன்னிக்கு சோதனையில தேறிடுச்சுன்னா வண்டிய உன் பேருக்கே எழுதித் தந்துடறேன். எங்க வேணா நிறுத்திக்க, என்ன வேணா பண்ணிக்க. தேறலன்னா மறுநாள் காலையில வண்டி உடைக்கிற எடத்துலேருந்து லாரி வரும். சொல்லி வச்சுட்டேன்.”

“என்னைக் கேக்காம எப்படிடா சொல்லி வச்சே?”

“உன்னைக் கேட்டா முடிஞ்ச மாதிரிதான்னு சொல்லுவே. அடுத்த மாசம் நாங்க மாடிக்குக் குடி வர்றோம். ஷெட்டுல உன் தம்பி பெண்டாட்டி அழகு நிலையம் வைக்கப் போறா. கிரீஸ் வாசனையில யாரு வந்து முகத்தக் காட்டுவா, சொல்லு.”

அவள் போனை வைத்தாள். எதில் விட்டோம் என்பது நினைவுக்கு வராததால், கையிலிருந்த ஸ்பேனருக்கு எந்த நட்டு பொருந்தியதோ அங்கிருந்து தொடங்கி, இருட்டுவதற்குள் வேலையை முடித்தாள். மறுநாள் காலை வண்டி மேட்டில் இருமியது.

மேட்டிலிருந்து மெதுவாக உருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது, கணவர் பின்கட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவள் வண்டி வேலைக்கு வேண்டிய துண்டுத் துணிகளை அவர்தான் கத்தரித்துக் கொடுப்பார். திரைச்சீலைக்கு உள்துணியாகப் போட்டு மிஞ்சிய ஆரஞ்சு நிறத் துணி. நூல் பிரியாமலிருக்க ஓரங்கள் வளைந்து வளைந்து வெட்டப்பட்டிருக்கும். வாரத்துக்கு ஏழு. திங்கட்கிழமை காலையில் அவற்றைத் திரும்ப எடுத்து, எண்ணி, சோடாத்தூள் போட்டு அலசுவது அவருடைய வழக்கம்.

“இந்தா பாரு, ஏழு குடுத்தேன். ஆறுதான் வந்திருக்கு.”

“காத்துல பறந்திருக்கும்ங்க.”

“ஷெட்டுக்குள்ள என்ன காத்து?”

“என்னங்க நீங்க, வண்டியே இழுக்க மாட்டேங்குது. நீங்க துணிக்கு அழறீங்க.”

“நான் அழல. எண்ணுறேன்,” என்றார் அவர்.

அவள் அதற்குள் வாசலைக் கடந்துவிட்டாள்.

அன்று தொடங்கிய அலைச்சல் பதினாறு நாள்கள் ஓயவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒரு கால் ஷெட்டின் பக்கமே திரும்பியிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினாள். எரிபொருள் வடிகட்டியை மாற்றினாள். டர்போவின் பக்கத்திலிருந்த ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, வளைத்துப் பார்த்து, புதியவை வாங்கிப் போட்டாள். ஒவ்வொன்றையும் மாற்றியபின் மேட்டுக்குப் போவாள், முள் நடுங்கும், திரும்புவாள். தண்ணீர்த் தொட்டிக்குக் காவலிருந்தவர், மூன்றாம் நாளிலிருந்து அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தி, பின் அதே கையை வருத்தத்தோடு கவிழ்த்துக் காட்டத் தொடங்கினார்.

வேலையிடத்தில் அவள் இப்படிப்பட்டவள் அல்லள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லிஃப்ட் ஓடும் கூண்டுப் பாதைக்குள் இறங்கும்போது ஒரு விரிப்பைக் கொண்டுபோவாள். அதில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் மையால் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் கருவிகளை அதனதன் வடிவத்தின்மேல் வைத்து, வாய்விட்டு எண்ணி, பிறகுதான் கதவை மூடுவாள். இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரு திருப்புளியைக்கூட அவள் உள்ளே விட்டுவந்ததில்லை. அந்த விரிப்பு வீட்டு ஷெட்டுக்கு மட்டும் வந்ததே இல்லை. அங்கே கணக்குக் கேட்க ஆளில்லை என்பதே அவளுக்கு ஒரு சுகமாக இருந்தது.

பதினான்காம் தேதி, சனிக்கிழமை, அவள் குழாய்களின் வாயை மூடி, உள்ளே காற்றை அடைத்து, இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். எங்காவது காற்றுக் கசிந்தால் நுரை எழும். நெடுநேரம் ஒன்றும் எழவில்லை. பிறகு, அலுமினியக் குழாயின் வளைவுக்கு அருகில், கடுகளவு ஒரு குமிழி எழுந்தது. அது பற்றவைத்த இடத்தில் எழுந்ததா, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி ரப்பரை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பிலிருந்து வழிந்து வந்ததா என்று அவள் பார்க்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்ட மகிழ்ச்சி கண்ணை மறைத்தது. கையைக்கூடத் துடைக்காமல் பட்டறைக்குப் போனாள்.

வெல்டர் தாழ்ந்த குரலில் பேசுபவர். தாம் பற்றவைத்த இடத்தை விரலால் ஒருமுறை நீவிப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்கமாட்டார். இன்னொண்ணுவை அவர் முதல் நாளிலிருந்தே ‘தங்கச்சி’ என்றுதான் அழைத்துவந்தார். அவள் போனபோது டயர்க்கடை ஆட்கள் இருவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்; சக்கரத்துக்குக் காற்று அடைக்க வந்த டாக்சிக்காரர் ஒருவர் அவர்களுக்குப் பேச்சுத்துணையாக நின்றார்.

“அண்ணே, உங்க வெல்டிங் ஒழுகுது.”

அவர் முகமூடியை நிமிர்த்தினார். “எங்க தங்கச்சி?”

“வளைவுகிட்ட. சோப்புத் தண்ணி போட்டேன், நுரை வந்துச்சு.”

“வளைவுகிட்டன்னா, நான் பத்தவச்ச எடத்துலயா, கிளாம்ப் பக்கமா?”

“நான் இருபத்தொம்பது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேண்ணே. எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். எதுக்கும் கழட்டிக் கொண்டா. தொட்டியில முக்கிப் பாத்துடுவோம். அஞ்சு நிமிஷ வேலை.”

“கழட்டி மாட்ட எனக்கு எங்க நேரம்? பதிமூணு நாள்தான் இருக்கு. ஒழுகறது தெரிஞ்சப்புறம் தொட்டி எதுக்கு?”

டாக்சிக்காரர் தேநீர்க் குவளையை ஆட்டிக்கொண்டே, “அண்ணன் பத்தவச்சதே ஒழுகுதுன்னா அப்புறம் நாங்கல்லாம் நடந்துதான் போகணும்,” என்றார். டயர்க்கடை ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பில் விஷம் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்,” என்றாள். “மங்கினா மங்கிடுச்சுன்னு சொல்லிடணும். வேலைய வாங்கி வச்சுக்கிட்டு அடுத்தவங்க வண்டியக் கெடுக்கக் கூடாது.”

சிரிப்பு நின்றது. வெல்டர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்ளே போய், மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்தார். வண்டியில் செய்த மாற்றங்களை எழுதிச் சோதனை அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய படிவம் அது. வேலை செய்த பட்டறைக்காரர் அதில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அலுவலர்கள் வண்டியைத் தொடவே மாட்டார்கள். வண்டி நல்லபடியாக ஓடியதும் போடலாம் என்று அதை அவர் வாங்கி வைத்திருந்தார்.

“இந்தாங்க மேடம்,” என்றார். “கண்ணு மங்கினவன் கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?”

‘தங்கச்சி’ ‘மேடம்’ ஆனதை, அவள் இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் உணர்ந்தாள். உணர்ந்ததும் நடை தளர்ந்தது. ஆனால் கால் திரும்பவில்லை.

அடுத்த வாரம் வேறொரு வெல்டரைத் தேடிப் போனாள். அவர் குழாயைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். “வேலை சுத்தமா இருக்கே. இதை யாரு செஞ்சாங்களோ அவங்கதான் போடணும். நான் போட்டா பொய்க் கையெழுத்து,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி ஒருநாள் மாலை அளவு நாடாவோடு வந்து, வண்டியைச் சுற்றி வளைய வந்து, ஷெட்டின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டான்.

“கண்ணாடி எங்கடா மாட்டப் போறே?” என்று அவள் போனட்டுக்குள்ளிருந்தபடியே கேட்டாள்.

“உன் தலை இருக்கற எடத்துலதான்.”

“மாப்ள, அந்தத் தலை அங்கேருந்து வர்றதுக்கு லாரி பத்தாது,” என்றார் வாசலில் நின்ற கணவர்.

மூவரும் சிரித்தார்கள். தம்பி போன பிறகும் அவள் தலையை வெளியே எடுக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. எட்டு மாடிகளிலும் கதவுகள் ஒழுங்காக மூடியிருந்தால்தான் மேலிருந்து கீழ்வரை ஒரே தொடராக மின்சாரம் வந்துசேரும். ஏதேனும் ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் லிஃப்ட் அசையாது. அவள் மின்அளவியோடு மேலிருந்து இறங்கினாள். எட்டில் இருந்தது. ஏழில் இருந்தது. ஆறிலும் ஐந்திலும் இருந்தது. நான்கில் இல்லை. நான்காம் மாடிக் கதவைத் திறந்து, பூட்டின் வாயில் சிக்கியிருந்த காகிதக் கிளிப் ஒன்றை எடுத்தாள். கூடவே படியிறங்கி வந்த கட்டடக் காவலாளி அசந்துபோனார்.

“இவ்வளவு பெரிய கட்டடத்துல இத்தனூண்டு கிளிப்ப எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“இதுல என்ன இருக்கு? அங்க இருக்கு, இங்க இல்லன்னா நடுவுலதானே? நடுவுல பாக்காம ஊரெல்லாம் தேடினா எப்படி...”

பேச்சு அப்படியே நின்றது. காவலாளி மீதியைக் கேட்கக் காத்திருந்தார். அவள் விரிப்பை விரித்து, கருவிகளை வைத்து, பதினொன்று என்று எண்ணி முடித்து, கதவை மூடினாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தாள். பதினாறு நாள்களில் முதன்முறையாக அவளுடைய கால்கள் ஆடாமல் இருந்தன.

அன்று ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, கேஜுக்குப் போகும் மெல்லிய ரப்பர்க் குழலை எஞ்சினின் பக்கத்திலிருந்து பிடுங்கி, அலுமினியக் குழாய் தொடங்கும் இடத்தில், இன்டர்கூலரின் வாயருகே பொருத்தினாள். மேட்டுக்குப் போனாள். வண்டி எப்போதும்போல் இருமியது. ஆனால் முள் தயங்காமல் ஏறி ‘ஒன்று’ என்பதைத் தொட்டு நின்றது. குழாய்க்கு இந்தப் பக்கம் முழுக் காற்று. அந்தப் பக்கம் பாதிக் காற்று. தொட்டிக் காவலர் கையைக் கவிழ்த்துக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி, எஞ்சின் ஆறும்வரை பொறுக்காமல், மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு குழாயைக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். வளைவில், காற்றின் வெப்பத்தை அளப்பதற்காக உள்ளே நீட்டிக்கொண்டிருந்த சென்ஸாரின் முனையில் மாட்டிக்கொண்டு, எண்ணெயில் ஊறிய ஆரஞ்சு நிறத் துணி ஒன்று சுருண்டு கிடந்தது. அந்த முனை மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால், எஞ்சின் அதை விழுங்கியிருக்கும்.

யார் வைத்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. திறந்த குழாய்க்குள் நட்டு விழுந்துவிடக் கூடாதே என்று, தன் ஆட்காட்டி விரலால் ஆழமாகத் தள்ளிவிட்டது அந்த விரலுக்கே நினைவிருந்தது. தள்ளிய கையோடுதான் போனை எடுத்தாள்.

துணியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, குழாயின் இரு வாய்களையும் மூடி, காற்றடைத்து, துணி அலசும் பெரிய தொட்டியில் முக்கினாள். பற்றவைத்த எந்த இடத்திலிருந்தும் ஒரு குமிழிகூட எழவில்லை. தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. அதில் அவளுடைய முகம் தெரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

குழாயைத் திரும்பப் பூட்டி, கிளாம்பைப் புதிதாக்கி, மேட்டுக்குப் போனாள். வண்டி சீழ்க்கையடித்துக்கொண்டு ஏறியது. முள் ‘ஒன்று’ என்பதில் நின்றது. காவலர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். இவ்வளவு நாள் இதற்காகத்தானே ஏங்கினோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. குழாயைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்ன அந்தத் தாழ்ந்த குரல், மேடு முழுவதும் அவள் காதுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டு வந்தது.

துணியை யாருக்கும் தெரியாமல் அழுக்குக் கூடையின் அடியில் போட்டுவைத்தாள். வியாழக்கிழமை காலை, பின்கட்டிலிருந்து கணவரின் குரல் வந்தது.

“ஏழு.”

“ம்.”

“பறந்து போனது தானாத் திரும்பி வந்துடுச்சு போல. வர்ற வழியில எண்ணெய்ல குளிச்சிருக்கு.”

“என்னங்க...”

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

அவள் குழாயடிக்கு வந்து நின்றாள். நிற்கவும் முடியாமல் வாளியை இடம் மாற்றி வைத்தாள். “அண்ணன்கிட்ட கிளாம்ப் லூஸா இருந்துச்சுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். அவர் வேலை மேல குத்தமில்லன்னு ஆயிடும். எனக்கும்...”

“சொல்லு,” என்றார் அவர், துணியைப் பிழிந்தபடி. “இல்லன்னு சொல்ல கிளாம்ப்புக்கு வாயா இருக்கு?”

அன்று அவள் டயர்க்கடைவரை இரண்டு முறை போனாள். முதல் முறை, காற்று சரியாகவே இருந்த சக்கரத்துக்குக் காற்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் முறை, தேவைப்படாத ஒரு வால்வு மூடியை வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டறையில் நீலநிற ஒளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. முகமூடிக்குள்ளிருந்தவர் அவளைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பிறந்தது. சோதனை அலுவலகம் மாலை நான்கு மணிக்கு மூடப்படும். மதியத்தோடு வேலையை முடித்துக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் அவள் கிளம்பினாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்: “கிளாம்ப்தாண்ணே லூஸா இருந்துச்சு, நான் அவசரப்பட்டுட்டேன்.” அதில் பொய்யென்று எதையும் சொல்ல முடியாது, கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது, அவசரப்பட்டதும் உண்மைதான். சிவப்பு விளக்கில் நின்றபோது அதை உரக்கவே சொல்லிவிட்டாள். பக்கத்து வண்டிக்காரர் தம்மைத்தான் சொல்கிறாளோ என்று கண்ணாடியை இறக்கினார்.

பட்டறையில் அன்றும் அதே முகங்கள். டயர்க்கடை ஆட்கள் இருவரும் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்சிக்காரருக்கு அன்றும் அங்கே ஏதோ ஒரு வேலை இருந்தது. வெல்டர் ஓர் இரும்புக் கதவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததை அறிந்தும் அவர் கையை நிறுத்தவில்லை. அவள் காத்து நின்றாள். காத்து நிற்பது அவளுக்குக் கைவராத வேலை; விரல்கள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. கடைசி இணைப்பை முடித்து, விரலால் நீவிப் பார்த்துவிட்டு, அவர் முகமூடியை நிமிர்த்தினார்.

“போனட்டைத் தெறங்க மேடம்.”

திறந்தாள். அவர் குழாயின் வளைவை விரலால் தடவினார். கிளாம்பைப் பார்த்தார், அது புதியது என்பதையும் பார்த்திருப்பார்.

“மேட்டுக்கு ஒரு தரம் போய்ட்டு வரட்டுமாண்ணே? நீங்களே கேட்டுப் பாருங்க.”

“வேண்டாம். தெரு முனை திரும்பும்போதே கேட்டேன். நல்லா மூச்சு விடுது.” கையை நீட்டினார். “காகிதத்தக் குடுங்க.”

படிவத்தை இரும்புக் கதவின்மேல் விரித்து, கையெழுத்திட்டு, தேதி எழுதி, முத்திரை வைத்தார். எழுத்து நடுங்கவில்லை, வரி கோணவில்லை.

“கோவம் போயிடுச்சாண்ணே?”

“கோவம் இருக்கு. அது வேற. இது நான் செஞ்ச வேலை, அதுக்குத்தான் கையெழுத்து. உங்களுக்குப் போடல.”

மணி இரண்டு நாற்பது. கையெழுத்து கிடைத்துவிட்டது, வண்டி நன்றாக இழுக்கிறது, நான்குக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர நேரம் தாராளமாக இருந்தது. நாளை காலை லாரி வராது. அவள் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, போனட்டைச் சாத்தி, ஓட்டுநர் பக்கக் கதவில் கைவைத்தாள்.

“நில்லுங்க மேடம்,” என்றார் வெல்டர். “இன்னும் ஒண்ணு பாக்கி.”

டயர்க்கடை ஆட்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அது யாருடைய பேச்சு என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தாழ்ந்த குரலிலேயே, ஆனால் அங்கிருந்த அனைவருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“அன்னிக்கு ஒழுகினது எது?”

சக்கரம் சுழல்வது நின்றது. டாக்சிக்காரர் அருகில் வந்தார். வழியெல்லாம் பழகிய வாக்கியம், அழைத்தால் வந்துவிடும் தூரத்தில், அவளுடைய நாக்கு நுனியில் காத்திருந்தது. அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“உங்க வெல்டிங் ஒழுகவே இல்லண்ணே,” என்றாள். “குழாய்க்குள்ள நான்தான் ஒரு துணிய வச்சு மறந்துட்டேன்.”